மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு: பூட்டிப் போகும்போது எதை நம்புவது?

விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து, கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் கம்பம்மெட்டுக்கு ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியாட்கள் காலையில் ஏறி மாலையில் இறங்குவார்கள். மேலே சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது முடியாது. எடுப்பு நடக்கும் நாட்களில் எல்லோருமாக மேலே தங்கினால்தான் பறித்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோரில் போட்டு உலர்த்த முடியும். 40, 45 நாளுக்கு ஓர் எடுப்பு. ஆடியில் தொடங்கினால் தை, மாசி வரைக்கும் ஐந்தாறு எடுப்பு வரும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு நாள் கம்பத்து வீடு பூட்டிக் கிடக்கும். நாங்கள் இறங்கி வந்ததும் இடுக்கிப் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். ஒன்று தமிழ்நாட்டில், மற்றது கேரளத்தில். வருஷம் முழுக்க இரண்டில் ஒன்று காலி.

நான்கு வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது எடுப்பின் எட்டாம் நாள் காலையில், பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார்.

"தம்பி, கொல்லைக் கதவு ஒருக்களிச்சாப்புல கெடக்கு. வீட்டுக்கு யாரும் வந்திருக்கீகளா?"

யாரும் வரவில்லை. இறங்கி வந்து பார்த்தால், முன்வாசலில் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை. கொல்லையில் சாத்தி வைத்திருந்த எங்கள் கடப்பாரையை எடுத்தே பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பியிருந்தார்கள். அரை அங்குல ஸ்குரூ நான்கும் மரத்தூளோடு தரையில் கிடந்தன. அம்மாவின் ஆறு பவுன், ஆட்களுக்குக் கூலி கொடுக்க ஒதுக்கி வைத்த பணம், ஒரு ஜோடி குத்துவிளக்கு, எல்லாம் போயிருந்தது. அம்மா குத்துவிளக்குக்குத்தான் அதிகம் அழுதார். அது அவருடைய தாய்வீட்டுச் சீர்.

அதற்கப்புறம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மச்சான் நாலு கேமரா போடச் சொன்னார். மாமா கோம்பை நாய்க்குட்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். சித்தப்பா, வயசான ஆள் ஒருவரைத் திண்ணையில் படுக்கப் போட்டால் போதும் என்றார். லாக்கர் எடு, இன்சூரன்ஸ் போடு, ஸ்டேஷனில் எழுதிக் கொடு என்று மற்றவர்கள். இந்த நான்கு வருஷத்தில் அநேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். எது எதற்கு உதவும், எதில் முதலில் காசு போடலாம் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

விசாரணைக்கு வந்த காவலர்களோடு பேசியதில் எனக்குப் பிடிபட்டது இது. பூட்டிய வீட்டை நோட்டம் பார்க்கிறவனுக்கு மூன்றே கேள்விகள். உள்ளே ஆள் இருக்கிறதா? உடைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? உடைத்தால் எடுத்துப்போக என்ன இருக்கிறது? நாம் செய்யும் ஒவ்வொரு ஏற்பாடும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் பதில். நாய் முதல் கேள்விக்கு, தாழ்ப்பாள் இரண்டாவதற்கு, லாக்கர் மூன்றாவதற்கு. ஒன்றை வாங்கிவிட்டு மற்ற இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவதில்தான் பெரும்பாலான வீடுகள் ஏமாறுகின்றன. நாங்கள் ஏமாந்ததும் அப்படித்தான். முன்கதவில் நல்ல பூட்டு தொங்குகிறது என்ற தைரியத்தில் பின்கதவை யாருமே நினைக்கவில்லை.

ஆள் இருக்கிற வீடு

வீடு காலி என்று வெளியே சொல்வது யார்? நாம்தான். முன்கதவில் தொங்கும் பூட்டைத் தெருவில் போகிற எவரும் பார்க்கலாம். பால் பாக்கெட் வராத வீடு, மூன்று நாள் செய்தித்தாள் கேட்டுக்குள் கிடக்கும் வீடு, பகலிலும் வராந்தா விளக்கு எரியும் வீடு, இவையெல்லாம் அறிவிப்புப் பலகைகள். எங்கள் பக்கத்தில் இவற்றைவிடப் பெரிய அறிவிப்பு ஒன்று உண்டு: கோலம் இல்லாத வாசல். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்க, ஒரு வாசல் மட்டும் காய்ந்து சருகு கிடந்தால் அதைப் படிக்கத் தனி அறிவு வேண்டாம். மார்கழியில் இன்னும் பளிச்சென்று தெரியும்.

அதனால் நாங்கள் செய்த முதல் ஏற்பாடு காசு செலவில்லாதது. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். "இதுக்குப் போயி ஏந்தம்பி இம்புட்டுத் தயங்குற? எங்க வாசல் தெளிக்கிற கையோட உங்க வாசலுக்கும் ரெண்டு இழை இழுத்துட்டுப் போறேன்" என்றார். வாசல் தெளிப்பதோடு, கேட்டில் சொருகியிருக்கும் நோட்டீஸை எடுத்துவிடுவார். சாயந்திரம் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். மேலிருந்து இறங்கும்போது அவருக்கு ஏலக்காயும் மிளகும் கொண்டுவந்து கொடுப்போம். அவர்கள் வீட்டில் விசேஷம், ஆஸ்பத்திரி என்று வெளியூர் போனால் அந்த வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கைமாறு செய்யாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த அக்கம்பக்கமும் நீடிக்காது.

விளக்குக்கு டைமர் பிளக் ஒன்று வாங்கினோம், சில நூறு ரூபாய்தான். மாலை ஆறரைக்கு உள் அறை விளக்கு எரிந்து பத்தரைக்கு அணையும். கொல்லையில் ஆள் அசைந்தால் எரியும் சென்சார் பல்பு. இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இன்றுவரை இந்தச் செலவைப் போல் பலன் கொடுத்தது வேறில்லை.

ஆளைப் படுக்கப் போடுவது இதைவிட உறுதியானது, ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. தூரத்துச் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் ஒரு வருஷம் படுத்தார். கூலியாக இல்லாமல் செலவுக்கென்று கொடுத்தோம். இரண்டு எடுப்பு நன்றாகப் போனது. மூன்றாவதில் அவருக்குக் காய்ச்சல், நாலு நாள் வரவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை. அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அறுபத்தெட்டு வயசு மனிதரைத் தனியாகத் திருடனுக்கு எதிரே படுக்க வைப்பது சரியா என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட இடமிருந்தால், அதுதான் இந்த வழியிலேயே நிரந்தரமானது. வளைகுடாவிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு இரண்டு மூன்று வருஷம் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் வேறு எதையும் முதலில் சொல்ல மாட்டேன். மாடியைப் பூட்டிக்கொண்டு கீழ்ப்பகுதியைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள்.

இனி நாய். கோம்பை எங்கள் உத்தமபாளையம் தாலுகாவில் மலையடிவாரத்து ஊர். செவலை உடம்பும் கருத்த வாயுமாக, வளர்த்தவனைத் தவிர வேறு யாரையும் அண்டவிடாத அந்த நாய் இந்த மண்ணின் பெருமை. மாமா சொன்னபடி குட்டி வந்தது, வளர்ந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் நாய் ஆள் இருக்கும் வீட்டுக்குக் காவல். ஆளில்லாத வீட்டுக்கு அதுவே ஒரு பொறுப்பு. பன்னிரண்டு நாள் சோறு யார் வைப்பது? பசியோடு கட்டிப்போட்ட நாய்க்கு வெளியாள் கறித்துண்டு வீசினால் என்ன ஆகும்? மலைக்குக் கூட்டிப்போனாலோ, ராத்திரி வெளியே கட்டிப்போட முடியாது, சிறுத்தை நடமாட்டம் உண்டு. கடைசியில் எங்களோடு மேலே வந்து ராத்திரியில் வீட்டுக்குள் படுக்கிறது. ஸ்டோர் பக்கம் யார் வந்தாலும் குரல் கொடுத்துவிடும். எங்கள் விஷயத்தில் நாய் காப்பது நாங்கள் இருக்கும் வீட்டைத்தான். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்து பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், நாயைப் போல நல்ல துணை கிடையாது.

கதவு, தாழ்ப்பாள், கூரை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பூட்டு ஏமாற்றாது. ஏமாற்றுவது அதை மாட்டியிருக்கும் நாதாங்கி. ஆயிரம் ரூபாய்ப் பூட்டை நாற்பது ரூபாய்த் தகட்டில் மாட்டி, அந்தத் தகட்டை அரை அங்குல ஸ்குரூவில் முடுக்கி வைத்திருந்தால் திருடன் பூட்டோடு ஏன் மல்லுக்கட்டப் போகிறான்? தகட்டை நெம்பிவிடுவான்.

தச்சர் வந்து எங்கள் பின்கதவைப் பார்த்துவிட்டு மூன்று வேலை செய்தார். தாழ்ப்பாளின் ஸ்குரூக்களைக் கழற்றிவிட்டு, கதவை ஊடுருவும் நட்டு போல்ட் போட்டு, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கினார். நிலையில் தாழ்ப்பாள் நுழையும் துளைக்கும் கனமான தகடு பதித்தார். அப்புறம் கதவின் குறுக்கே உட்புறமாக இரும்புப் பட்டை ஒன்று. இரண்டு பக்கமும் சுவரில் கொக்கி. தாத்தா காலத்து வீடுகளில் கதவுக்குப் பின்னால் போடுவார்களே கணையமரம், அதேதான். அந்தக் காலத்து மனிதர்கள் வீட்டைக் கட்டும்போதே யோசித்த ஒன்றை, டைல்ஸ் போட்ட புது வீடுகளில் நாம் மறந்துவிட்டோம். மொத்தச் செலவு மூவாயிரத்துச் சொச்சம்.

முன்கதவில் தொங்கும் பூட்டையும் எடுத்துவிட்டோம். கதவுக்குள்ளேயே பதிக்கும் பூட்டு போட்டாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தாழிட்டு ஆள் இருப்பது போலவும் இருக்கலாம், பூட்டிப் போனது போலவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம்தான் நமக்கு வேண்டியது. கேட்டையும் வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டாமல், கையை உள்ளே விட்டு உட்புறமாகப் பூட்டுகிறோம். ஒரு விஷயத்தில் கவனம் தேவை. உள்ளே ஆள் இருக்கும்போதும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டாக இருந்தால், சாவி கதவுக்குப் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடப்பாரை, மண்வெட்டி, ஏணி மூன்றும் இப்போது வீட்டுக்குள் இருக்கின்றன. தோட்டக்காரர் வீடுகளில் இவை கொல்லையில் கிடப்பது வழக்கம். திருட வருகிறவன் ஆயுதத்தைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்தால் மாட்டிக்கொள்வான் என்று பயப்படுவான். நாம் அவனுக்கு அந்தப் பயத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கக் கூடாது. அதேபோல் சாவி. மீட்டர் பெட்டிக்குள், நிலைக்கு மேலே, பூந்தொட்டிக்கு அடியில், செருப்பு அலமாரியில் வைப்பதுதான் எங்கும் வழக்கம். ஊரில் எல்லோரும் வைக்கும் இடத்தில் நாமும் வைத்துவிட்டு ரகசியம் என்று நினைப்பதில் அர்த்தமில்லை. ஒரு சாவி அக்காவிடம், ஒன்று எங்களிடம். வேறெங்கும் இல்லை.

மேல் வீட்டுக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே சுற்றுச்சுவரும் தகரக் கூரையும். கதவை எவ்வளவு பலப்படுத்தினாலும், தகரத்தின் ஆணியைக் கழற்றி உள்ளே இறங்க ஆளுக்கு நேரம் இருக்கிறது. பக்கத்து வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஓட்டு வீடுகளிலும் இதே சங்கடம்தான், நாலு ஓட்டை எடுத்தால் வழி. கூரைக்குக் கீழே ஒரு அறைக்கு மட்டும் கம்பிவலை அடித்து அதை உள்பூட்டு அறையாக்கினோம். ஆனால் மலையில் 'எவ்வளவு நேரம் பிடிக்கும்' என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடையாது. ராத்திரி முழுக்க அவனுக்கு நேரம் இருக்கிறது. அங்கே மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேமரா எதற்கு உதவும், எதற்கு உதவாது

மச்சான் மனம் நோகக் கூடாது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் கேமராவில் காசு போட்டது தவறு. நாலு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, வயரிங் எல்லாமாக இருபதாயிரத்தைத் தாண்டியது. அதில் ஏழில் ஒரு பங்குச் செலவில் செய்த பின்கதவு வேலையை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு இதைச் செய்தோம்.

உத்தமபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் திருட்டு நடந்தபோது பதிவைப் பார்த்தேன். குரங்குக் குல்லாய் போட்டு, முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் கேமராவைத் துணியால் மூடுகிறான். அவ்வளவுதான் தெரிந்தது. வேறு சில வீடுகளில் டிவிஆர் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். டிவி அலமாரியில் விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும் பெட்டியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் பெட்டியைப் பரணுக்கு மாற்றிவிட்டோம்.

போனுக்கு அலர்ட் வரும் வசதி நல்லதுதான். ஆனால் வௌவால், பூனை, மழை, கண்ணாடியில் வலை பின்னும் சிலந்தி, எல்லாவற்றுக்கும் வரும். இரண்டு வாரத்தில் நாமே சத்தத்தை அணைத்து வைத்துவிடுவோம். உண்மையான அலர்ட்டே வந்தாலும், மேலிருந்து நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்போது நான் போன் போடுவது பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான். அப்படியானால் காவல் அவர்தான், கேமரா அவரை எழுப்பும் மணி. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் கேமரா உபயோகம். பார்த்துவிட்டுப் போக ஆளே இல்லாத இடத்தில் அது திருட்டைப் படம் பிடிக்கும், தடுக்காது. பிறகு விசாரணைக்கு அந்தப் படம் உதவலாம், அதை நான் மறுக்கவில்லை.

மேல் வீட்டில் இன்னும் சிரமம். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இடுக்கியில் கரண்ட் நாள் கணக்கில் போகும். கரண்ட் போனால் ரௌட்டர் போகும், ரௌட்டர் போனால் கேமரா குருடு. சிம் போடும் சோலார் கேமரா ஒன்று வைத்தோம். மழை மாதங்களில் வெயிலே இல்லாமல் பேட்டரி இறங்கிவிடுகிறது. தை, மாசியில் நன்றாக வேலை செய்கிறது.

கதவு திறந்தால் அலறும் சின்ன பேட்டரி சைரன் கேமராவைவிட மலிவு; தெருவுக்குள் இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்லது என்பேன். சத்தம் கேட்டால் திருடன் நிற்க மாட்டான். கேட்க ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு மாநிலம், இரண்டு ஸ்டேஷன்

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது என்றால் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். வீட்டில் ஆளில்லை என்று நாமே போய் எதற்குச் சொல்வது என்று அம்மாவும் கேட்டார். ஆனால் கீழே நாங்கள் செய்வது எளிது. வெள்ளைத்தாளில் முகவரி, போகும் தேதி, வரும் தேதி, எங்கள் எண், அக்காவின் எண் எழுதிக் கொடுக்கிறோம். ராத்திரி ரோந்து வரும் காவலர்கள் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் எங்கள் தெருமுனையிலும் இருக்கட்டும் என்று தெருக்காரர்கள் சேர்ந்து கேட்டோம், வைத்தார்கள். ஒருவர் தனியாகக் கேட்பதைவிடத் தெருவாகக் கேட்டால் நடக்கிறது.

கேரளத்தில் இதற்குப் போலீஸின் போல்-ஆப் செயலியிலேயே இடம் இருக்கிறது. பூட்டிப் போகும் வீட்டின் விவரம், தேதி, வீட்டுப்பெயர், அருகில் இருக்கும் சொந்தக்காரர் அல்லது அக்கம்பக்கத்தார் எண் கொடுத்தால் அதிகபட்சம் 14 நாள் வரை அந்த வீட்டை ரோந்தில் சேர்த்துக்கொள்வார்கள். செலவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் பூட்டிப் போகும் வீட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எங்கள் மேல்வீடு அடுத்த எடுப்பு வரை ஒரு மாசம் காலி. 14 நாள் அதில் பாதிக்குக்கூடக் காணாது. ஆகவே அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியிடம் வாரம் இரண்டு தடவை போய் வரச் சொல்லியிருக்கிறோம்.

நம் வடக்கு எல்லையில், சித்தூர், நகரிப் பக்கத்துத் தமிழர்களுக்கு இதைவிட ஒரு படி கூடுதலான வசதி உண்டு. பூட்டிய வீட்டைக் கண்காணிக்கும் ஆந்திரப் போலீஸின் எல்.ஹெச்.எம்.எஸ். ஏற்பாட்டில் செயலியில் பதிந்து கேட்டால், நாம் ஊரில் இல்லாத நாட்களுக்கு அவர்களே வீட்டுக்குள் அசைவறியும் கேமரா பொருத்துவார்கள். உள்ளே யாராவது நுழைந்தால் எச்சரிக்கை நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நான் மேலே சொன்ன குறை, அதாவது அலர்ட் வந்தால் போய்ப் பார்ப்பது யார் என்ற கேள்வி, அங்கே தீர்ந்துவிடுகிறது. நம் பக்கமும் வர வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுவது இதற்குத்தான்.

எல்லையில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று: அவசர உதவி எண் 112. நம் போன் எந்த டவரில் நிற்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகும். மேலே தோட்டத்தில் நின்று கம்பத்து வீட்டுக்காக 112 அடித்தால் எடுப்பவர் கேரளத்துக்காரர். மெட்டுப் பக்கத்து வீடுகளில் சிம் தமிழ்நாடாக இருந்தாலும் டவர் அந்தப் பக்கத்துதாகப் பிடிக்கும். ஆகவே இரண்டு பக்கத்து ஸ்டேஷன் நேரடி எண்களையும் போனில் பதிந்து, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். திருட்டு நடந்த இடம் வேறு மாநிலம் என்பதால் புகார் எடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

எடுத்துப்போக என்ன இருக்கிறது

அம்மாவின் ஆறு பவுன் பீரோவில் இருந்ததற்குக் காரணம், வருகிற முகூர்த்தத்துக்குப் போட வேண்டும், லாக்கருக்குப் போய் வர யாருக்கு நேரம் என்பதுதான். அந்த ஒரு சோம்பலை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

லாக்கர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, வங்கியில் திருட்டு, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி என்று ஏதாவது நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைக்கும்தான். வாடகை 2,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 2 லட்சம். இன்றைக்குப் பவுன் விற்கும் விலையில் அது நாலு பவுனுக்குக்கூடப் போதாது. ஆனாலும் பீரோவோடு ஒப்பிட்டால் லாக்கர்தான். சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு வழி எங்கள் பக்கத்துப் பெண்கள் வெகுநாளாகச் செய்வது: நகையைச் சின்னத் தொகைக்கு வங்கியில் அடகு வைத்துவிடுவது. லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. அடகு நகை அப்படியில்லை. எடை போட்டு, எழுதிக் கொடுத்து, அவர்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்வது. வட்டிதான் வாடகை. லாக்கர் கிடைக்காத சின்ன ஊரில், நாலைந்து மாசத்துக்கு என்றால் இது நல்ல வழி. தவணையை மறக்கிற வீடாக இருந்தால் வேண்டாம். அப்புறம் அது ஏலத்துக்குப் போய் நிற்கும்.

இன்சூரன்ஸில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டுக் கடனோடு ஒட்டி வரும் பாலிசி இருக்கிறது, அதனால் திருட்டுக்கும் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், நிலச்சரிவு போன்றவற்றுக்கானது. அப்படிப்பட்ட ஒரு சேதம் நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் அதில் திருட்டுக்கு இடம். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் உடைத்து நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். வேண்டும், நகைக்குத் தனியாகக் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் செல்லாது என்பது போன்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. எங்களைப் போல் பூட்டிப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். நகைகளைப் படம் எடுத்து, எடை எழுதி, பில்லோடு வைத்திருப்பது இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் உதவும். குத்துவிளக்கின் படம் ஒன்று எங்களிடம் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மேல் வீட்டில் நகை கிடையாது. அங்கே திருட வருகிறவன் தேடுவது உலர்ந்த ஏலக்காயை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு அது. அந்த விலை பிறகு இறங்கியது. ஆனாலும் தோளில் தூக்கிப்போகும் ஒரு சாக்கு ஒரு குடும்பத்தின் எடுப்பு முழுவதும். யாருடைய காய் என்று அடையாளமும் கிடையாது. ஆகவே எங்கள் முடிவு, எடுப்பு முடிந்து இறங்கும்போது ஸ்டோரில் ஒரு கிலோ காய்கூட இருக்கக் கூடாது என்பது. புற்றடியிலோ போடியிலோ நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்குப் பதிந்து கொடுத்துவிடுகிறோம். விலை ஏறும் என்று காத்திருந்து லாபம் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் காத்திருக்கும் காய்க்குக் காவல் ஆள் வேண்டும். ஆள் இல்லாத ஸ்டோரில் வைத்துக்கொண்டு காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

எத்தனை நாள் போகிறீர்கள்?

ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரிக் கல்யாணம் என்றால் உள்பூட்டு, டைமர் விளக்கு, அக்கம்பக்கத்தில் ஒரு சொல், இவை போதும். கல்யாண வீட்டுப் படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல் ஊர் வந்து சேர்ந்தபின் போடுங்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் இவற்றோடு பின்கதவு பலமும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதும் கட்டாயம். நகை வீட்டில் இருக்கக் கூடாது. மலைக்கு மாலை போட்டு ஆண்கள் எல்லோரும் சேர்ந்து சபரிமலை கிளம்பும் வீடுகளும் இந்தக் கணக்குதான். விரதம் எடுத்தது தெருவுக்கே தெரியும், இருமுடி கட்டும் நாளும் தெரியும்.

மாசக் கணக்கில் என்றால் எந்தக் கருவியும் தனியாகப் போதாது. வாடகைக்கு விடுங்கள், அல்லது வாரம் இரண்டு தடவை கதவைத் திறந்து விளக்குப் போட்டுப் பெருக்கி வர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கேமராவை அதற்கு மேல் வையுங்கள்.

கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் மூவாயிரத்தைத் தச்சருக்கும், ஆயிரத்தை விளக்குக்கும், மிச்சத்தை லாக்கர் வாடகைக்கும் கொடுக்கச் சொல்வேன்.

இந்த ஆடியில் முதல் எடுப்புக்கு ஏறுகிறோம். மேல் வீட்டுப் பின்கதவில் இன்னும் பழைய அரை அங்குல ஸ்குரூதான் இருக்கிறது. போல்ட்டும் தகடும் வாங்கிச் சாக்கில் கட்டியாயிற்று. தச்சர் எங்கள் ஜீப்பிலேயே வருகிறார். நேற்று சாயந்திரம் அக்காவிடம் சாவியைக் கொடுக்கப் போனேன். "கோலப்பொடி தீந்து போச்சு, ஒரு படி வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றார். வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.